தீவின் மூலிகைகளை ஏட்டில் ஏற்றிய பெண்மணி

பிள்ளைக்கு இருமல் கண்டால் கொல்லைப்புறம் சென்று நான்கு ஓமவல்லி இலைகளைப் பறித்து, அனலில் வாட்டி, சாறு பிழிந்து, தேன் கலந்து புகட்டிய கைகளை நம்மில் பலர் அறிவோம். அந்தக் கைகளுக்கு உரியவரைச் சில ஊர்களில் நன்னி என்றோம். சில ஊர்களில் உம்மும்மா என்றோம். சில ஊர்களில் பெத்தம்மா என்றோம். இலை எத்தனை, தேன் எவ்வளவு, எந்த வயதுப் பிள்ளைக்குக் கொடுக்கலாம், எப்போது கொடுக்கலாகாது என்ற கணக்குகள் அனைத்தும் அவர்களிடம் இருந்தன. ஆனால் அவை ஏட்டில் இருக்கவில்லை. நினைவில் மட்டுமே இருந்தன. அவர்கள் மறைந்த பின்னர், "ஏதோ ஓர் இலை கொடுப்பார்களே, அது என்ன இலை?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டு நிற்கிறோம்.

இந்தக் கேள்வி தம் நாட்டு மக்களுக்கு எழுந்துவிடக் கூடாதே என்று கவலை கொண்டு, மூத்தோர் உயிருடன் இருக்கும்போதே அவர்களைத் தேடிச் சென்று, கேட்டு, எழுதி, அவர்கள் சொன்னவற்றை ஆய்வுக்கூடத்தில் சோதித்தும் பார்த்த ஒரு முஸ்லிம் பெண்மணி உண்டு. அவர் இந்தியப் பெருங்கடலில் உள்ள மொரீஷியஸ் தீவைச் சேர்ந்த பேராசிரியை அமீனா குரீப் ஃபாகிம் ஆவார். பிற்காலத்தில் அவர் அந்நாட்டின் குடியரசுத் தலைவராகவும் ஆனார். ஆயினும் அப்பதவியைவிட அவர் எழுதி வைத்த ஏடுகளே நெடுநாள் நிலைக்கும் என்பது நம் கருத்து.

ஆசிரியரின் மகள்

அமீனா 1959ஆம் ஆண்டு அக்டோபர் 17ஆம் நாள், தென் மொரீஷியஸில் உள்ள சுரினாம் என்னும் சிற்றூரில், இந்திய வழி வந்த முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தார். தந்தையார் தொடக்கப்பள்ளி ஆசிரியர். மகளின் படிப்பை மகனின் படிப்புக்குக் குறைந்ததாக அவர் எண்ணவில்லை. அந்த ஒரு முடிவே பின்னர் ஒரு நாட்டுக்கே பயனாக அமைந்தது.

பள்ளியில் வேதியியல் அவரைக் கவர்ந்தது. மேற்படிப்பு குறித்து வழிகாட்டும் அலுவலரிடம் சென்றபோது, வேதியியல் ஆண்களுக்குரிய பாடம், படித்துத் திரும்பினாலும் இந்தத் தீவில் வேலை கிடைக்காது என்று சொல்லி அவர் தடுத்தாராம். இந்நிகழ்ச்சியை அமீனா பல மேடைகளில் நினைவுகூர்ந்திருக்கிறார். பெற்றோர் துணை நின்றனர். இங்கிலாந்து சென்று சர்ரே பல்கலைக்கழகத்தில் வேதியியலில் பட்டம் பெற்றார். 1987இல் எக்சிட்டர் பல்கலைக்கழகத்தில் கரிம வேதியியலில் டாக்டர் பட்டமும் பெற்றார்.

அதே ஆண்டில் அவர் தாயகம் திரும்பி, மொரீஷியஸ் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராகச் சேர்ந்தார். மேலைநாட்டு ஆய்வுக்கூடங்களில் இருந்த வசதிகள் இங்கே இல்லை. ஆனால் மேலைநாட்டு ஆய்வுக்கூடங்களில் இல்லாத ஒன்று இங்கே வாசலிலேயே இருந்தது. அதுவே தீவின் செடிகொடிகளும், அவற்றை மருந்தாக்கும் மக்களும்.

பூர்வ குடிகள் இல்லாத தீவு

மொரீஷியஸின் வரலாறு விந்தையானது. அங்கே பூர்வ குடிகள் என்று எவரும் இல்லை. முதலில் குடியேறிய டச்சுக்காரர்கள் 1638இல் வந்து 1710இல் வெளியேறினர். 1715இல் பிரெஞ்சுக்காரர்களும் 1810இல் ஆங்கிலேயர்களும் அத்தீவைக் கைக்கொண்டனர். கரும்புத் தோட்டங்களுக்காக மடகாஸ்கரிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் அடிமைகளாக மனிதர்கள் கொண்டுவரப்பட்டனர். 1835இல் அடிமை முறை ஒழிந்தது. அதற்கு முந்தைய ஆண்டு தொடங்கி 1920 வரை, இந்தியாவிலிருந்து ஏறத்தாழ 5 லட்சம் ஒப்பந்தத் தொழிலாளர் போர்ட் லூயி துறைமுகத்தில் வந்திறங்கினர். அவர்களில் தமிழரும் இருந்தனர். சீனரும் வந்தனர்.

இவ்வாறு வந்தவர்கள் கையில் பொருள் எதுவும் கொண்டுவரவில்லை. ஆனால் தத்தம் ஊர் வைத்தியத்தை நினைவில் சுமந்து வந்தனர். தெரிந்த செடியின் விதையைக் கொண்டுவர முடிந்தவர்கள் கொண்டுவந்து நட்டனர். இன்றும் அத்தீவு மக்கள் கறிவேப்பிலையைக் 'காரிப்பூலே' என்றே அழைக்கின்றனர். நம் மொழிச் சொல் கடல் கடந்து சென்று, பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் மறந்த பின்னரும் அடுப்பங்கரையில் நிலைத்துவிட்டது.

விதை கொண்டுவர முடியாதவர்கள் என்ன செய்தனர்? தீவில் முளைத்திருந்த, தாங்கள் முன்பின் கண்டறியாத செடிகளை முகர்ந்தும் சுவைத்தும் ஊரில் அறிந்த செடிகளோடு ஒப்பிட்டும் பயன் கண்டனர். மலகாசியர் கண்டதை இந்தியர் கற்றனர். இந்தியர் கண்டதைச் சீனர் கற்றனர். இப்படி 300 ஆண்டுகளில் நான்கு திசை வைத்தியமும் கலந்து ஒரு புதிய மூலிகை மரபு உருவாயிற்று.

அத்தீவின் இயற்கைத் தாவரங்களில், பூக்கும் இனங்கள் மட்டும் ஏறத்தாழ 690 ஆகும். அவற்றுள் சுமார் 270 இனங்கள் உலகில் வேறெங்கும் இல்லாதவை. ஆனால் கரும்புக்காகக் காடுகள் அழிக்கப்பட்டதால், பழைய இயற்கைக் காட்டில் நூற்றுக்கு இரண்டு பங்கு கூட நல்ல நிலையில் எஞ்சவில்லை. பறக்கமாட்டாத டோடோ என்னும் பறவை இத்தீவில்தான் வாழ்ந்தது. மனிதர் குடியேறிய ஒரு நூற்றாண்டுக்குள் அது பூண்டோடு அழிந்தது. பறவை அழிந்ததை உலகமே அறியும். செடி அழிந்தால் யார் அறிவார்? அதன் பயனை அறிந்த மூதாட்டியும் மறைந்துவிட்டால் யாரிடம் சென்று கேட்பது?

கேட்டு எழுதிய பணி

இந்நிலையில் இந்தியப் பெருங்கடல் தீவுகளின் மருத்துவத் தாவரங்களையும் நறுமணத் தாவரங்களையும் கணக்கெடுக்கும் திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. அதில் அமீனா ஈடுபட்டார். மொரீஷியஸிலும், அதற்குக் கிழக்கே 560 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள ரோட்ரிக்ஸ் என்னும் சிறு தீவிலும் முழுமையான முதல் கணக்கெடுப்பு அவருடைய முயற்சியில் நிகழ்ந்தது.

பணி எளிதன்று. மூலிகை அறிந்தோர் ஊருக்கு ஊர் சிதறியிருந்தனர். போர்ட் லூயி நகரச் சந்தையில் காய்ந்த இலைகளையும் பட்டைகளையும் கட்டுக்கட்டாக அடுக்கிவைத்துக் கஷாயச் சரக்கு விற்பது தலைமுறைகளாகத் தொடர்ந்து வரும் வணிகம். கிராமங்களிலோ அந்த அறிவு மூதாட்டியரிடம் இருந்தது. எந்தச் செடி, எந்த நோய்க்கு, இலையா வேரா பட்டையா, கொதிக்க வைப்பதா ஊற வைப்பதா, எத்தனை நாள் என்றெல்லாம் கேட்டறிய வேண்டும். கேட்டால் மட்டும் போதாது. செடியைக் கண்ணால் கண்டு, கிளையோடு எடுத்துவந்து, தாளில் பதித்து உலர்த்தி, தாவரவியல் அறிஞரிடம் காட்டி, அதன் உண்மைப் பெயரை உறுதி செய்யவும் வேண்டும்.

இந்தப் பெயர்ச் சிக்கல் சிறியதன்று. மக்கள் வழக்கில் ஒரே பெயர் இரண்டு செடிகளுக்கு இருக்கும். ஒரே செடிக்கு ஊருக்கொரு பெயர் இருக்கும். ஒன்று மருந்தாகவும் மற்றொன்று நஞ்சாகவும் இருந்துவிட்டால் விளைவு என்ன ஆகும்? எனவேதான் மொரீஷியஸ் உலர்தாவரக் காப்பகத்தின் தாவரவியலாளர் ஜோசப் கேயோ அவர்களோடு இணைந்து அமீனா இப்பணியைச் செய்தார்.

நம் முன்னோரும் இவ்வழியே நடந்தனர் என்பது இங்கு நினைவுகூரத்தக்கது. 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்பெயினின் மலாகா நகரில் பிறந்து, 1248இல் டமாஸ்கஸில் மறைந்த இப்னுல் பைத்தார், வட ஆப்பிரிக்கா முழுதும் நடந்து செடிகளை நேரில் கண்டு, ஏறத்தாழ 1,400 மருந்துப் பொருள்களை அகர வரிசையில் தொகுத்தார். ஒரு செடிக்கு அரபியில் என்ன பெயர், பெர்பர் மொழியில் என்ன பெயர், கிரேக்கத்தில் என்ன பெயர் என்று எழுதினார். எச்செய்தியை எவரிடமிருந்து பெற்றார் என்பதையும் குறித்தார். செய்தியை மட்டும் வாங்காமல் அதைச் சொன்னவர் யார் என்பதையும் வினவும் ஒழுங்கு மதரசாவில் ஓதிய எவருக்கும் புதியதன்று.

இப்பணியின் பயனாக, 1994இல் ரோட்ரிக்ஸ் தீவின் மருத்துவத் தாவரங்கள் பற்றிய நூல் வெளிவந்தது. 1995 முதல் 1997 வரை, மொரீஷியஸின் மருத்துவத் தாவரங்கள் பற்றிய நூல் பிரெஞ்சு மொழியில் மூன்று பாகங்களாக வெளிவந்தது. சந்தைக் கடையிலும் அடுப்பங்கரையிலும் வாய்மொழியாக உலவிய அறிவு முதன்முறையாக நூலக அலமாரியில் இடம் பெற்றது.

சோதித்துப் பார்த்தல்

எழுதி வைப்பதோடு அமீனா நிற்கவில்லை. மூத்தோர் சொன்னார்கள் என்பதற்காக எதையும் மருந்து என்று முடிவு கட்டிவிடவும் இல்லை. படிக்காதவர் சொன்னார் என்பதற்காக எதையும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிடவும் இல்லை. இரண்டுமே அறிவுக்கு அழகல்ல அன்றோ?

ஆய்வு நடைபெறும் முறை இது. இலையை நிழலில் உலர்த்திப் பொடியாக்கி ஆல்கஹாலில் ஊற வைப்பார்கள். பின்னர் வடிகட்டி, ஆல்கஹாலை ஆவியாக்கிச் சத்தை மட்டும் பிரித்தெடுப்பார்கள். அச்சத்தில் ஆல்கலாய்டு உண்டா, துவர்ப்புப் பொருளான டானின் உண்டா, ஃபிளேவனாய்டு உண்டா என்று ஒவ்வொன்றாகச் சோதிப்பார்கள். நோய்க் கிருமிகளைத் தட்டில் வளர்த்து, அவற்றின் மீது இச்சத்தை இட்டு, கிருமியின் வளர்ச்சி தடைப்படுகிறதா என்று பார்ப்பார்கள். பயன் தருவதாகத் தோன்றினால், நஞ்சு உண்டா என்றும் பார்க்க வேண்டும். ஒரு செடிக்கே ஆண்டுகள் பல ஆகும்.

இவ்வாறு ஆராயப்பட்ட செடிகளுள் ஒன்று, அத்தீவினர் 'ஃபிளாட் தீவின் தைலம்' என்னும் பொருள்பட அழைக்கும் சியாடியா அர்குட்டா. நறுமணம் மிக்க இச்செடியின் இலையை மக்கள் சளிக்கும் இழுப்புக்கும் பயன்படுத்தி வந்தனர். உலகில் வேறெங்கும் இல்லாத செடி இது. அமீனா தம் உரைகளில் விரும்பி எடுத்துக்காட்டும் மற்றொன்று, 'பென்ஷுவான்' என்னும் மரம். இதன் இளங்கன்றின் இலை ஒரு வடிவிலும், வளர்ந்த மரத்தின் இலை வேறொரு வடிவிலும் இருக்கும். முற்காலத்தில் தீவில் திரிந்த பேராமைகள் இளங்கன்றைத் தின்றுவிடாமல் தப்பவே இந்த வேறுபாடு என்று அறிஞர் கருதுகின்றனர். ஆமைகள் அழிந்துவிட்டன, மரமோ தன் காவலை இன்னும் கைவிடவில்லை.

இப்பணிகளைப் பாராட்டி, 2007இல் லோரியால்–யுனெஸ்கோ நிறுவனங்கள் பெண் விஞ்ஞானிகளுக்கு அளிக்கும் உலக விருது அவருக்கு வழங்கப்பட்டது. அதற்கு முன்பே, 2001இல், அவர் தம் பல்கலைக்கழகத்தின் முதல் பெண் பேராசிரியர் ஆகியிருந்தார்.

எழுதப்படாத அறிவின் கதி

எழுதி வைப்பதில் இத்துணைப் பயன் உண்டா என்று வாசகர்கள் கேட்கலாம். இரண்டு நிகழ்ச்சிகளைச் சொன்னால் விளங்கும்.

நம் ஊர்களில் நித்திய கல்யாணி என்னும் செடியைக் காணாதார் இல்லை. அதன் தாயகம், மொரீஷியஸுக்கு அண்டையில் உள்ள மடகாஸ்கர் தீவு. வெப்ப நாடுகள் பலவற்றில் அதன் இலைக் கஷாயத்தை நீரிழிவுக்கு மக்கள் அருந்தி வந்தனர். 1950களில் ஜமைக்காவிலிருந்து அனுப்பப்பட்ட இலைகளைக் கனடாவில் ஆராய்ந்தபோது, சர்க்கரை குறையவில்லை. ஆனால் இரத்த வெள்ளணுக்கள் குறைந்தன. அந்த வியப்பிலிருந்து வின்பிளாஸ்டின் கண்டறியப்பட்டது. அதே செடியிலிருந்து வின்கிறிஸ்டின் என்னும் மருந்தும் பெறப்பட்டது. குழந்தைகளைப் பலிகொண்ட இரத்தப் புற்றுநோய்க்கு வின்கிறிஸ்டின் இன்றும் கைகண்ட மருந்தாக உள்ளது. உலகிற்கு நன்மை விளைந்தது. மருந்து விற்றோருக்குச் செல்வமும் விளைந்தது. ஆனால் செடியின் தாயகமான மடகாஸ்கருக்கு அந்த வருவாயில் பங்கு கிடைக்கவில்லை.

மற்றொன்று நம் நாட்டுச் செய்தி. காயத்துக்கு மஞ்சள் தடவுவதைத் தம் கண்டுபிடிப்பு என்று காட்டி, 1995இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றுவிட்டனர். நம் அன்னையர் நாள்தோறும் செய்த காரியம் பிறருடைய சொத்தாகிவிட்டது! இந்திய அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம் வழக்காடி, 1997இல் அதனை ரத்து செய்யச் செய்தது. வெற்றி எதனால் வந்தது? "எங்கள் பாட்டி தடவினார்" என்று சொன்னதால் வரவில்லை. அச்செய்தி முன்னரே எழுத்தில் பதிவாகியிருந்த பழைய நூல்களையும் இதழ்க் கட்டுரையையும் சான்றாகக் காட்டியதால் வந்தது.

ஆக, எழுதப்படாத அறிவு மூன்று இழப்புகளுக்கு உள்ளாகிறது. சொன்னவர் இறந்தால் அதுவும் இறக்கிறது. மெய்யா பொய்யா என்று சோதிக்க வழி இல்லாமல் போகிறது. பிறர் தமது என்று உரிமை கொண்டாடினால் மறுக்கவும் சான்று இல்லாமல் போகிறது.

உலக நாடுகள் இந்த அநீதியை உணர்ந்து, 1992இல் உயிரியல் பன்மை உடன்படிக்கையை உருவாக்கின. ஒரு நாட்டின் தாவரங்களின் மீது அந்நாட்டுக்கே உரிமை உண்டு, பயனில் பங்கும் உண்டு என்பது அதன் சாரம். அதனை முதன்முதலில் ஏற்று உறுதி செய்த நாடு, சின்னஞ்சிறு மொரீஷியஸ்தான்.

ஒரு கண்டத்துக்கே ஏடு

தம் தீவில் கண்ட குறையை ஆப்பிரிக்கக் கண்டம் முழுவதிலும் அமீனா கண்டார். மருத்துவத்துக்கு மூலிகைகளையே முதலில் நாடும் மக்கள் அங்கே கோடிக்கணக்கில் உள்ளனர். ஆயினும் ஒரு மூலிகை தூயதா, கலப்படமா, அதில் எந்தச் சத்து எவ்வளவு இருக்க வேண்டும் என்று சொல்லும் போதுமான பொதுத் தர ஏடு அங்கே அப்போது இல்லை. தர ஏடு இல்லாத சரக்கை உலகச் சந்தை மதிப்பதில்லை. ஏமாற்றுக்காரர்களுக்கோ அது பெரும் வசதி.

இக்குறையைப் போக்க, ஆப்பிரிக்க மருத்துவத் தாவரங்களின் தரத்தை வகுக்கும் சங்கம் ஒன்றை அறிஞர் சிலருடன் இணைந்து அவர் தொடங்கினார். 2010இல் அச்சங்கம் ஆப்பிரிக்க மூலிகைத் தர நூலை வெளியிட்டது. 50க்கும் மேற்பட்ட மூலிகைகளின் அடையாளம், சத்து, பயன், எச்சரிக்கை ஆகியவை அதில் வகுத்து எழுதப்பட்டுள்ளன. மூலிகை ஆராய்ச்சிக்கெனத் தம் தீவிலேயே ஒரு நிறுவனத்தையும் அவர் நிறுவி நடத்தினார்.

மாளிகை வாழ்வு

2015ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள் அவர் மொரீஷியஸின் குடியரசுத் தலைவரானார். அப்பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண்மணி அவரே. அரசியல் கட்சி மேடைகளில் வளராத ஒரு விஞ்ஞானி நாட்டின் முதற்குடிமகளானது பலருக்கும் வியப்பளித்தது.

ஆனால் அந்த வாழ்வு நீடிக்கவில்லை. தொண்டு நிறுவனம் ஒன்று அளித்த கடன் அட்டையைச் சொந்தச் செலவுக்குப் பயன்படுத்தினார் என்று 2018இல் பத்திரிகைகள் எழுதின. தாம் தவறு செய்யவில்லை என்றும், அப்பணத்தைத் திருப்பிச் செலுத்திவிட்டதாகவும் அவர் கூறினார். எனினும் எதிர்ப்பு வலுத்தது. அவ்வாண்டு மார்ச் 23ஆம் நாள் பதவி விலகினார். ஒருவரின் புகழைப் பாடும்போது இத்தகைய பகுதியை மறைப்பது நேர்மையாகாது. பதவி வருவதும் போவதும் உலக இயல்பு. முப்பதாண்டு காலம் செடி செடியாகத் தேடி எழுதிய ஏடுகளை எவரும் அவரிடமிருந்து பறித்துவிட இயலாது.

நம் இல்லங்களில்

சகோதர சகோதரிகளே! ஆய்வுக்கூடம் அமைப்பது நம்மால் ஆகாது. ஆனால் அமீனா முதலில் செய்த பணி, கேட்டு எழுதுதல். அதற்கு ஒரு குறிப்பேடும் பொறுமையும் போதும்.

நம் வீட்டில் முதியவர் ஒருவர் இருந்தால், இந்த விடுமுறையிலேயே பிள்ளைகளை அவர் அருகில் அமரச் செய்யுங்கள். பேறுகாலத்தில் தாய்க்குக் கொடுக்கும் லேகியத்தில் என்னென்ன சரக்கு, எந்த அளவு? மாந்தத்துக்கு எதை உரைத்துக் கொடுத்தார்கள்? அதனை அவர்கள் யாரிடம் கற்றார்கள்? எப்போது கொடுக்கக்கூடாது என்று எச்சரித்தார்கள்? இவை அனைத்தையும் நாளும் பெயரும் இட்டு எழுதட்டும். செடி கிடைத்தால் ஒரு கிளையைத் தாளுக்கிடையே வைத்து உலர்த்தி ஒட்டட்டும். பிள்ளைகளுக்கு அது பாடமாகவும் இருக்கும். முதியவருக்கோ, தம்மையும் ஒருவர் மதித்துக் கேட்கிறார் என்ற ஆறுதலாகவும் இருக்கும்.

எழுதியதெல்லாம் மருந்தாகிவிடாது என்பதையும் மறவாதீர்கள். பாகற்சாறு இரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் தன்மை உடையது. நீரிழிவு மாத்திரையை விழுங்கிவிட்டு அளவறியாமல் அச்சாற்றையும் அருந்தினால், சர்க்கரை அபாய அளவுக்குத் தாழ்ந்து மயக்கம் நேரலாம். மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்திவிட்டு மூலிகையை நம்பி நோயை முற்றவிட்டோரும் உண்டு. எதை அருந்தினாலும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மூத்தோர் சொல்லை மதிப்பதும் சோதித்து ஏற்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதைத்தான் மொரீஷியஸ் பேராசிரியையின் வாழ்க்கைப் பணி காட்டுகிறது.

ஒரு கிராமத்துப் பள்ளி ஆசிரியர் தம் மகளைத் தடுக்காமல் படிக்க வைத்தார். அம்மகள் ஒரு தீவின் நினைவை ஏட்டில் ஏற்றினார். நம் வீட்டிலும் நினைவுகள் உண்டு. படிக்கும் மகளும் இருக்கிறாள். குறிப்பேட்டையும் பேனாவையும் இன்றே அவள் கையில் கொடுத்து, நன்னியின் அருகே அமரச் சொல்லுங்கள்.